கண்படும் அடுக்கு யாருக்குச் சொந்தம்? மளிகைக் கடைகளுக்குள் நடக்கும் இடப் போட்டி

புது தில்லி: இந்தியச் சில்லறை வணிகத்தில் விலைப் போட்டி, தரப் போட்டி ஆகியவற்றுடன் அதிகம் பேசப்படாத மற்றொரு போட்டியும் நடைபெற்று வருகிறது. கடைக்குள் வாடிக்கையாளரின் கண் முதலில் படும் இடத்தை யார் பிடிப்பது என்பதே அந்தப் போட்டி. பற்பசை, பிஸ்கட் நிறுவனங்கள் முதல் குளிர்பான நிறுவனங்கள் வரை, மளிகைக் கடையின் ஓர் அடி அகல அடுக்குக்காகப் பணமாகவோ, இலவசச் சரக்காகவோ, கூடுதல் கழிவாகவோ ஒரு தொகையைச் செலவிடுகின்றன. அந்த இடத்தின் மதிப்பை நிறுவனங்கள் நன்கு கணக்கிட்டு வைத்துள்ளன. ஆனால், அந்த இடத்துக்கு உரியவரான கடைக்காரரிடம் பெரும்பாலும் அத்தகைய கணக்கு எதுவும் இல்லை.

நாட்டில் ஒரு கோடிக்கும் அதிகமான மளிகைக் கடைகள் இயங்கி வருவதாகப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. அன்றாட நுகர்பொருள் விற்பனையின் பெரும்பகுதி இன்றும் இக்கடைகள் வழியாகவே நடைபெறுகிறது. எனினும், நிமிடக் கணக்கில் வீட்டுக்கே பொருள்களைக் கொண்டு சேர்க்கும் விரைவு விநியோகச் செயலிகளின் வளர்ச்சி இவற்றை நெருக்கத் தொடங்கியுள்ளது. சுமார் 4 லட்சம் விநியோகஸ்தர்களின் சார்பில் பேசும் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர்கள் கூட்டமைப்பு, ஓராண்டுக் காலத்தில் ஏறத்தாழ 2 லட்சம் மளிகைக் கடைகள் மூடப்பட்டதாக 2024 அக்டோபரில் தெரிவித்தது. 2025 மார்ச்சில் பிளிங்கிட், ஜெப்டோ, ஸ்விக்கி இன்ஸ்டாமார்ட் ஆகியவற்றுக்கு எதிராக இந்தியப் போட்டி ஆணையத்தை அக்கூட்டமைப்பு அணுகியது. பாதிக்கப்பட்ட தரப்பின் மதிப்பீடு என்பதால் அந்த எண்ணிக்கையை அப்படியே ஏற்க இயலாது என்றாலும், நெருக்கடி உண்மையானது என்பதில் ஐயமில்லை.

இத்தகைய சூழலில், சிறு கடையிடம் எஞ்சியிருக்கும் சொத்து எது என்ற கேள்வி எழுகிறது. விலையைக் குறைத்துப் பெரு நிறுவனங்களுடன் மோத அதனிடம் முதலீடு இல்லை. ஆயிரக்கணக்கான வகைகளை அடுக்கி வைக்க இடமும் இல்லை. தெருவில் செல்வோரின் கண்ணில் அன்றாடம் படும் கடைமுகப்பும் அடுக்குகளும் மட்டுமே அதன் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டியவை. அந்தக் கட்டுப்பாடும் கைமாறி வருவதுதான் இன்றைய நிலவரத்தின் மையம்.

கல்லாவுக்குப் பின்னால் இருந்த சரக்கு

வாடிக்கையாளர் தாமே பொருளை எடுத்துக்கொள்ளும் சுய சேவைக் கடை முறை அமெரிக்காவில் உருவானது. மெம்பிஸ் நகரில் 1916-ஆம் ஆண்டில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தொடங்கிய பிக்லி விக்லி என்ற கடை அதன் முன்னோடியாகக் கருதப்படுகிறது. அதற்கு முன்பு, கேட்ட பொருளைக் கடைக்காரர் எடுத்துத் தருவதே வழக்கம். எந்த நிறுவனத்தின் பொருளைத் தருவது என்பதில் அவரது சொல்லுக்கு மதிப்பிருந்தது. சுய சேவை வந்த பின்னர், கடைக்காரரின் சொல் இருந்த இடத்தில் அடுக்கு வந்து அமர்ந்தது. எந்த உயரத்தில், எந்தப் பொருளுக்கு அருகில், எத்தனை வரிசையாக வைக்கப்பட்டுள்ளது என்பதே விற்பனையைத் தீர்மானிக்கும் காரணிகளில் ஒன்றானது.

இந்தியாவில் இந்த மாற்றம் முழுமையாக நிகழவில்லை. பெரும்பாலான மளிகைக் கடைகளில் வாடிக்கையாளர் இன்றும் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பொருள் கேட்கிறார். அவரால் பொருள்களைப் பார்க்க முடியும். தொட்டு எடுக்க முடியாது. எனவே, இந்தியச் சிறு கடையில் காட்சிப்படுத்தல் என்பது நினைவூட்டும் வேலையைச் செய்கிறது. சோப்பு வாங்க வந்தவருக்கு, கண்ணெதிரே தொங்கும் ஷாம்பு சரத்தைப் பார்த்ததும் வீட்டில் அது தீர்ந்துபோனது நினைவுக்கு வருகிறது.

அந்தச் சரமே இந்திய மண்ணுக்கு உரிய மிகச் சிறந்த காட்சிப்படுத்தல் முறை எனலாம். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் குடும்பத்தினர் ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டுகளில் அடைத்து விற்கும் முறையைப் பரவலாக்கினர். அக்குடும்பத்தின் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தனியே தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு நாடு முழுவதும் சென்றது. குறைந்த விலை அதன் வெற்றிக்கு ஒரு காரணம். மற்றொரு காரணம், அதற்குத் தனி அடுக்கே தேவைப்படவில்லை என்பது. கடைமுகப்பில் ஒரு கயிறோ ஆணியோ இருந்தால் போதும். பாக்கெட்டே விளம்பரப் பலகையாகவும் இருப்புச் சரக்காகவும் மாறியது. இடநெருக்கடி மிகுந்த கடையில் செங்குத்தாகத் தொங்கும் வெற்றிடமும் விற்பனைக்குரிய இடமே என்பதை இந்தியத் தொழில்துறை அப்போது கண்டுகொண்டது.

நெருக்கடியே ஈர்ப்பாக மாறிய கதை

பெரிய அங்காடிகள் இந்தியாவுக்கு வந்தபோது, மேலை நாடுகளின் ஒழுங்கான நீண்ட வரிசைகள் இங்கும் பலன் தரும் என்று பலர் எண்ணினர். ஃபியூச்சர் குழுமத்தின் கிஷோர் பியானி வேறு வழியில் சென்றார். சென்னை தியாகராய நகரில் உள்ள சரவணா ஸ்டோர்ஸின் கூட்டமும் குவியலும் விற்பனை வேகமும் பிக் பஜார் என்ற எண்ணத்துக்குத் தூண்டுதலாக அமைந்ததை அவர் தமது நூலில் பதிவு செய்துள்ளார். 2001-ல் தொடங்கப்பட்ட பிக் பஜார் கடைகளில், சந்தையைப் போன்ற நெருக்கம் திட்டமிட்டே உருவாக்கப்பட்டது. அரிசி, பருப்பு, கோதுமை ஆகியவை திறந்த தொட்டிகளில் குவித்து வைக்கப்பட்டன. கையில் அள்ளிப் பார்த்து வாங்கும் இந்தியக் குடும்பங்களின் வழக்கத்துக்கு அது பொருந்தியது. பளபளப்பான, வெறிச்சோடிய கடை விலை அதிகமானது என்ற எண்ணத்தையும், குவியல் மலிவு என்ற எண்ணத்தையும் தோற்றுவிக்கிறது என்ற கணிப்பே அந்த வடிவமைப்புக்கு அடிப்படை. 2006-ஆம் ஆண்டு குடியரசு தின விற்பனையில் திரண்ட கூட்டம் அந்தக் கணிப்பை உறுதி செய்தது.

ஆயினும், காட்சிப்படுத்தலின் எல்லையையும் அதே நிறுவனம் உணர்த்தியது. கடன் சுமையில் சிக்கிய ஃபியூச்சர் ரீடெய்ல் நிறுவனத்தின் பல கடைகளை 2022-ல் ரிலையன்ஸ் தன்வசப்படுத்தியது. அதே ஆண்டில் திவால் நடவடிக்கை தொடங்கியது. 2024-ல் நிறுவனத்தைக் கலைக்க தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. மறுபுறம், 2002-ல் மும்பை பவாயில் முதல் கடையைத் திறந்த டிமார்ட், அலங்காரத்துக்கு முக்கியத்துவம் தராமல், சொந்தக் கட்டடம், குறைந்த விலை, வேகமாகத் தீரும் சரக்கு ஆகியவற்றை நம்பி வளர்ந்தது. அலமாரி விற்பனையைக் கூட்டும். ஆனால், வட்டியைக் கட்டாது என்பதே இவ்விரு நிறுவனங்களின் வரலாறு தரும் பாடம்.

ஓர் அடி அடுக்கின் கணக்கு

பொட்டலப் பொருள்களுக்கு அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்படும் இந்தியாவில், கடைக்காரர் அந்த விலைக்கு மேல் விற்க இயலாது. எனவே, அவரது வருமானம் இரண்டு முடிவுகளைச் சார்ந்தே உள்ளது: எந்தப் பொருளை விற்கிறார், அது எத்தனை நாளில் தீர்கிறது. காட்சிப்படுத்தல் இவ்விரண்டையும் பாதிக்கிறது. அதனால்தான் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி வந்து அடுக்கு ஒன்றைக் கேட்கும்போது, அவர் தரும் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது ஆபத்தாகிறது.

ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். ஒரு கடையில் கண்மட்டத்தில் உள்ள அடுக்கில், ஒன்றுக்கு 3 ரூபாய் லாபம் தரும் பொருள் நாளொன்றுக்கு 10 விற்பதாகக் கொள்வோம். அதைக் கீழ் அடுக்குக்கு மாற்றினால் 7 மட்டுமே விற்கும் என்றால், இழப்பு நாளொன்றுக்கு 9 ரூபாய். அதன் இடத்தில், 8 ரூபாய் லாபம் தரும் மற்றொரு நிறுவனத்தின் பொருள் வைக்கப்படுகிறது. கீழே இருந்தபோது 2 விற்ற அது, மேலே வந்ததும் 3 விற்கிறது. கூடுதல் லாபம் 8 ரூபாய். நிகர இழப்பு நாளொன்றுக்கு 1 ரூபாய், மாதத்துக்கு 30 ரூபாய். நிறுவனம் காட்சிக் கட்டணமாக மாதம் 300 ரூபாய் தருகிறது எனில், கடைக்காரருக்கு 270 ரூபாய் மிச்சம். இதுவரை கணக்கு சரியாகவே தோன்றுகிறது.

ஆனால், கூடுதலாக விற்ற அந்த ஒரு பொருளை வாங்கியவர் யார் என்பதே முக்கியக் கேள்வி. அதே கடையில் 9 ரூபாய் லாபம் தரும் மூன்றாவது பொருளை வாங்க வந்தவர், கண்ணில் பட்டதை எடுத்துச் சென்றிருந்தால், நாளொன்றுக்கு மேலும் 9 ரூபாய் போகிறது. மொத்த இழப்பு நாளொன்றுக்கு 10 ரூபாய், மாதம் 300 ரூபாய். நிறுவனம் தந்த கட்டணம் அதற்குச் சரியாகிவிடுகிறது. நிறுவனத்தின் விற்பனை ஒன்றரை மடங்காகியிருக்கிறது. கடைக்காரருக்கு ஒரு ரூபாயும் கூடவில்லை.

காட்சிப்படுத்தல் விற்பனையைக் கூட்டுகிறது என்ற பொதுவான கூற்றில் மறைந்திருப்பது இந்த வேறுபாடுதான். ஒரு பொருளின் விற்பனை கூடுவதும், கடையின் மொத்த விற்பனை கூடுவதும் ஒன்றல்ல. புதிய தேவையை நினைவூட்டும் காட்சி இரண்டாவதைச் செய்கிறது. தேயிலைக்கு அருகில் ரஸ்க், மழைக்காலத்தில் கல்லா அருகே கொசுவர்த்தி, தீபாவளிக்கு முன்பு கடலை மாவுக்குப் பக்கத்தில் நெய் ஆகியவை இத்தகையவை. ஒரு நிறுவனத்தின் பற்பசைக்குப் பதிலாக மற்றொன்றை முன்னிறுத்துவது முதலாவதை மட்டுமே செய்கிறது. வீட்டில் பல் துலக்குவோரின் எண்ணிக்கை அதனால் கூடுவதில்லை.

குளிர்பெட்டியும் அதன் நிபந்தனையும்

இடத்தின் மீதான கட்டுப்பாடு கைமாறுவதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, கண்ணாடிக் கதவு கொண்ட குளிர்பெட்டி. குளிர்பான, ஐஸ்கிரீம் நிறுவனங்கள் இதைக் கடைகளுக்கு வழங்குகின்றன. தமது பொருள்களை மட்டுமே அதில் வைக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. பெட்டி நிறுவனத்துடையது, அது நிற்கும் இடமும் மின்கட்டணமும் பொதுவாகக் கடைக்காரருடையவை. இரண்டாவது பெட்டிக்குச் சிறிய கடையில் இடமிருக்காது. கோடையில் குளிர்ந்திருப்பதே விற்கும் என்பதால், பெட்டிக்குள் இடம் கிடைக்காத பொருள் விலை குறைவாக இருந்தாலும் தோற்றுவிடுகிறது.

வட்டார பானங்கள் இதன் பாதிப்பை நன்கு அறிந்தவை. 1993-ல் தம்ஸ் அப் உள்ளிட்ட பார்லே நிறுவனத்தின் பானங்கள் கோகா கோலாவிடம் சென்ற பின்னர், தமிழகத்தின் பொவொண்டோ, சூரத்தின் சோசியோ போன்ற பானங்கள் தத்தமது வட்டாரங்களில் வாடிக்கையாளரின் விருப்பத்தால் தாக்குப்பிடித்தன. எனினும், நாடு தழுவிய அளவில் கடைக்குள் குளிர்ந்த இடத்தைப் பிடிப்பது அவற்றுக்கு எளிதாக இருக்கவில்லை. 2023-ல் காம்பா பானத்தை மறு அறிமுகம் செய்த ரிலையன்ஸ், குறைந்த விலையுடன் கடைக்காரர்களுக்குக் கூடுதல் கழிவு என்ற வழியையும் கையாண்டது. அதே ஆண்டில் சோசியோ நிறுவனத்தில் பாதிப் பங்கும் அக்குழுமத்திடம் வந்தது. குளிர்பெட்டியின் கதவைத் திறக்கும் சாவி கடைக்காரரின் கழிவில் உள்ளது என்பதைப் புதிதாக நுழையும் நிறுவனமும் உணர்ந்திருப்பதையே இது காட்டுகிறது.

திரையே அலமாரியானபோது

விரைவு விநியோக நிறுவனங்களின் கிடங்குகளுக்குள் வாடிக்கையாளர் நுழைவதில்லை. அங்குள்ள அடுக்குகள் ஊழியர் விரைந்து எடுப்பதற்கு ஏற்ப அமைக்கப்பட்டவை. கண்ணைக் கவர வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை. ஆனால், காட்சிப்படுத்தல் மறைந்துவிடவில்லை. அது கைப்பேசித் திரைக்கு இடம்பெயர்ந்துள்ளது. தேடலின் முதல் வரிசை கண்மட்ட அடுக்காகவும், பணம் செலுத்தும் பக்கத்தில் தோன்றும் பரிந்துரைகள் கல்லாவுக்கு அருகிலுள்ள மிட்டாய் ஜாடியாகவும் செயல்படுகின்றன. இந்த இடங்களுக்கு நிறுவனங்கள் விளம்பரக் கட்டணம் செலுத்துகின்றன. சரக்கை விற்பதில் கிடைக்கும் மெல்லிய லாபத்துக்கு இணையாக, இடத்தை விற்பதில் கிடைக்கும் வருமானமும் செயலிகளுக்கு இன்றியமையாததாகி வருகிறது.

இதற்கிடையே, மளிகைக் கடையின் கல்லாப் பகுதியும் மாறியுள்ளது. சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் தரும் பழக்கம், 2016-ல் அறிமுகமான யுபிஐ பணப் பரிமாற்றம் பரவியதால் குறைந்து வருகிறது. வாடிக்கையாளரின் பார்வை தங்கும் அந்த இடத்தில் இப்போது கியூஆர் குறியீட்டு அட்டையும் பணம் வந்ததை அறிவிக்கும் ஒலிப்பெட்டியும் நிற்கின்றன. பணம் செலுத்தும் நேரத்தில் வாடிக்கையாளர் கடையைப் பார்ப்பதை விடுத்துத் தமது கைப்பேசியைப் பார்க்கிறார். நினைத்த உடனே எடுக்க வைக்கும் சிறு பொருள்களுக்கு உரிய நொடிகள் அங்கே சுருங்கிவிட்டன.

சட்டம் எதைப் பார்க்கிறது

திரை அடுக்கைச் சட்டம் ஓரளவு கவனித்துள்ளது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகளின்படி, பொருள்களையும் விற்பனையாளர்களையும் எந்த அளவுகோலின் அடிப்படையில் வரிசைப்படுத்துகிறோம் என்பதை இணையச் சந்தைகள் விளக்க வேண்டும். 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட வழிகாட்டு நெறிமுறைகள், நுகர்வோரை ஏமாற்றும் 13 வகையான வடிவமைப்பு உத்திகளைப் பட்டியலிட்டன. விளம்பரம் என்று தெரியாதவாறு விளம்பரத்தைக் காட்டுவது அவற்றில் ஒன்று. 2025 ஜூனில், மூன்று மாதங்களுக்குள் சுய தணிக்கை செய்து இத்தகைய உத்திகளை நீக்குமாறு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய நிறுவனங்களை அறிவுறுத்தியது.

கடை அலமாரியில் நிலைமை வேறு. மக்கள் நலன் நேரடியாகப் பாதிக்கப்படும் இடங்களில் மட்டுமே அரசு தலையிட்டுள்ளது. புகையிலைப் பொருள்கள் விற்கும் கடையின் விளம்பரப் பலகை 60 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர் என்ற அளவைத் தாண்டக் கூடாது என விதிகள் உள்ளன. பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த உணவுகளை விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020 ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. இவற்றுக்கு அப்பால், ஓர் அடுக்கு பணம் பெற்று ஒதுக்கப்பட்டது என்பதை வாடிக்கையாளருக்கு அறிவிக்குமாறு, இணையச் சந்தைகளுக்கு உள்ளதைப் போன்ற விதி கடைகளுக்கு இல்லை.

குளிர்பெட்டி போன்ற தனியுரிமை ஏற்பாடுகளும் தாமாகவே சட்டவிரோதமாகிவிடுவதில்லை. சந்தைப் போட்டியை அவை குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கின்றனவா என்பதைப் பொறுத்தே 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அவற்றை மதிப்பிடுகிறது. ஒரு கடையில் ஒரு பெட்டி என்று தனியே பார்த்தால் பாதிப்பு சிறியது. ஒரே தெருவின் எல்லாக் கடைகளிலும் அதே நிபந்தனை நிலவும்போது, புதிய தயாரிப்பாளருக்கு நுழைவாயிலே அடைபட்டுப் போகலாம். சிறு உற்பத்தியாளர்களை ஊக்குவிப்பதாகக் கூறும் கொள்கைகள் இந்தத் தெருமட்ட உண்மையையும் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.

சிறு கடைகளுக்கு உள்ள வழி

மளிகைக் கடைகளை நவீனமாக்கும் முயற்சிகள் புதியவை அல்ல. மொத்த விற்பனை நிறுவனமான மெட்ரோ, ஸ்மார்ட் கிரானா என்ற திட்டத்தின் கீழ்க் கடைகளின் அமைப்பை மாற்றியமைக்க உதவியது. பின்னர் அந்நிறுவனத்தின் இந்திய வணிகத்தை ரிலையன்ஸ் ரீடெய்ல் 2,850 கோடி ரூபாய்க்கு வாங்கி, 2023-ல் தன்னுடன் இணைத்துக்கொண்டது. நுகர்பொருள் நிறுவனங்களும் தேர்ந்தெடுத்த கடைகளில் அடுக்குகளைச் சீரமைத்துத் தருகின்றன. இத்தகைய உதவிகளால் கடை அழகாகிறது என்பது உண்மையே. ஆனால், அடுக்கின் வரைபடத்தை வகுப்பவர் தமது பொருளுக்கு முதலிடம் தருவார் என்பதும் இயல்பே.

எனவே, கடைக்காரருக்குத் தேவைப்படுவது புதிய அலமாரியைக் காட்டிலும் தமது அடுக்கைப் பற்றிய கணக்கேடு. எந்தப் பொருள் எந்த அடுக்கில் எத்தனை விற்றது என்பதைச் சில வாரங்களுக்குக் குறித்து வைத்தாலே, காட்சிக் கட்டணம் லாபமா இழப்பா என்பது தெளிவாகிவிடும். கட்டணத்தைச் சரக்காகப் பெறாமல் பணமாகப் பெறுவதும், எத்தனை மாதம் என்பதை எழுத்தில் வாங்குவதும், விற்காத பொருளைத் திரும்பப் பெறும் பொறுப்பை நிறுவனத்திடமே வைப்பதும் பேச்சுவார்த்தையில் இடம்பெற வேண்டியவை. காலாவதியான, சேதமடைந்த சரக்குக்கான ஈட்டுத்தொகை தாமதமாவது விநியோகஸ்தர்களின் நீண்ட நாள் குறை என்பதால், கடைசிக் கூறு முக்கியத்துவம் பெறுகிறது. தனித்தனியாகக் கேட்கும்போது கிடைக்காத நிபந்தனைகள், வட்டார வணிகர் சங்கம் வழியாகக் கேட்கும்போது கிடைக்க வாய்ப்புண்டு.

குறைவான வகைகளே உள்ளன என்பதையும் பலவீனமாகக் கொள்ளத் தேவையில்லை. அமெரிக்கக் கடை ஒன்றில் நடத்தப்பட்டு 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், 24 வகை ஜாம்கள் வைக்கப்பட்ட மேசை அதிகம் பேரை ஈர்த்தது. ஆனால், நின்று பார்த்தவர்களில் சுமார் 3 சதவீதத்தினரே வாங்கினர். 6 வகைகள் வைக்கப்பட்டபோது 30 சதவீதத்தினர் வாங்கினர். பின்னர் நடந்த ஆய்வுகள் அனைத்தும் இதே விளைவைக் காட்டவில்லை என்றாலும், வகைகளின் எண்ணிக்கை மட்டுமே விற்பனையைக் கூட்டிவிடாது என்பதை அது உணர்த்துகிறது. தெருவில் வசிக்கும் குடும்பங்களின் தேவையை அறிந்த கடைக்காரர் தேர்ந்தெடுத்து வைக்கும் 6 பொருள்கள், அந்தத் தெருவை அறியாத செயலி காட்டும் நீண்ட பட்டியலுக்கு ஈடு கொடுக்கக் கூடும்.

வீட்டிலிருந்தபடியே பொருளைப் பெறும் வசதியை நகர்ப்புற நுகர்வோர் கைவிடப் போவதில்லை. விலைத் தள்ளுபடி தொடர்பான புகார்களின் மீது போட்டி ஆணையம் எடுக்கும் முடிவு, சிறு கடைகளின் சுமையைச் சற்றுக் குறைக்கலாம். ஆனால், எந்த உத்தரவும் வாடிக்கையாளரைக் கடைவாசலுக்கு அழைத்து வந்துவிடாது. வாசலைக் கடந்து செல்பவர் ஒரு நொடி திரும்பிப் பார்க்கும் அந்த இடத்தில் எதை வைப்பது என்ற முடிவு, இன்னும் கடைக்காரரின் கையிலேயே உள்ளது. அந்த முடிவை அவர் மாதம் சில நூறு ரூபாய்க்கு விட்டுக்கொடுக்கிறாரா, தமது கணக்கைப் பார்த்து எடுக்கிறாரா என்பதைப் பொறுத்தே வரும் ஆண்டுகளில் பல மளிகைக் கடைகளின் நிலை அமையும்.